காதைக் குத்தும் ஸ்பீக்கர்களை அடக்குவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்குவது பெரும்பாலும் ஸ்பீக்கர்தான். இல்லாவிட்டால் ஏற்கெனவே பரணில் தூங்கிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டீரியோ செட்டை இறக்கித் துடைத்து, ஒரு வயரை வாங்கி, கம்ப்யூட்டரின் பச்சை நிற ஓட்டையில் செருகிவிடுகிறார்கள். முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். இதுவரை கேட்காத ஜால்ரா ஒலியெல்லாம் தெளிவாகக் கேட்கும். இரண்டாவது வாரம் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டாலே தலை வலிக்கும். மூன்றாவது வாரம் வீட்டில் யாராவது ஒருவர், "அதைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்பார்.

சத்தம் அதிகம் என்று நினைத்து வால்யூமைக் குறைப்பீர்கள். குறைத்தாலும் அந்தக் குத்தல் போகாது. பாட்டு மட்டும் தூரத்துக்குப் போய்விடும். இதைத்தான் ஆங்கிலத்தில் 'பிரைட்' ஆன ஒலி என்கிறார்கள். ஒலியின் அளவு அதிகமில்லை, அதன் மேல்பகுதி மட்டும் தூக்கலாக இருக்கிறது என்று பொருள். சாம்பாரில் உப்பு அதிகமானால் குறைவாக ஊற்றிச் சாப்பிடுவதால் உப்பு குறைந்துவிடுமா? அதுபோலத்தான் இதுவும்.

இதற்காகப் புது ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். என் அனுபவத்தில் பத்தில் எட்டு வீடுகளில் காசு செலவில்லாமலேயே இதைச் சரிசெய்துவிடலாம். மீதி இரண்டுக்குத் திரைத்துணி வாங்கும் காசு போதும்.

எது குத்துகிறது?

மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் இந்த எல்லைக்குள் எல்லா ஒலியையும் காது ஒரே மாதிரி மதிப்பதில்லை. நமது காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். புல்லாங்குழலைப் போலவே இந்தக் குழாய்க்கும் ஒரு சொந்தச் சுருதி இருக்கிறது. கணக்குப் போட்டால் அது 3,400 ஹெர்ட்ஸ் அருகே வரும். எனவே 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள் நம் காதுக்குள் நுழையும்போதே பெரிதாகிவிடுகின்றன. குழந்தையின் அழுகை உறைப்பதற்கும், கரும்பலகையில் நகம் கீறினால் உடம்பு கூசுவதற்கும் இதில் பங்கு உண்டு. ஸ்பீக்கர் இந்த இடத்தில் இரண்டு மூன்று டெசிபல் கூடுதலாகக் கொடுத்தாலும் காது கண்டுபிடித்துவிடும்.

அதற்கு மேலே 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை 'ஸ', 'ஷ', 'ச' ஒலிகளின் சீறல் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் 'சரஸ்வதி', 'சந்தோஷம்' என்று சொல்லும்போது பாம்பு சீறுவதுபோல் கேட்டால் குற்றவாளி இங்கேதான். அதற்கும் மேலே சிம்பல், ஜால்ரா, சலங்கை ஆகியவற்றின் பளபளப்பு. ஒரு வேடிக்கை என்னவென்றால், பியானோவின் கடைசிக் கட்டையின் அடிப்படைச் சுருதியே 4,186 ஹெர்ட்ஸ்தான். அதாவது நாம் 'ட்ரெபிள்' என்று திருகுகிற பகுதியில் ஸ்வரங்கள் எதுவும் அநேகமாக இல்லை. கருவிகளின் மேல் ஸ்தாயி எதிரொலிப்புகளும் உரசல்களும்தான் அங்கே இருக்கின்றன. அதைக் குறைத்தால் பாட்டு கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம்.

ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு வட்டங்கள் இருக்கும். பெரியது ஊஃபர், கீழ் ஒலிகளுக்கு. மேலே ரூபாய் நாணயம் அளவில் இருப்பது ட்வீட்டர். நம் சண்டை பெரும்பாலும் இந்தச் சின்னவரோடுதான். ஆனால் எப்போதும் அவர்மேல்தான் தப்பு என்று சொல்லிவிட முடியாது. எப்படி என்று ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன்.

கோயம்புத்தூர் வீடு

என் சித்தப்பா பஞ்சாலையில் 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் வந்ததும் ஒரு கம்ப்யூட்டரும், அதற்கு ஓர் ஆம்ப்ளிபையரும், ஒரு ஜோடி புத்தக அலமாரி ஸ்பீக்கர்களும் வாங்கினார். இளவயதிலிருந்தே அவருக்கு இருந்த ஆசை இது. இரண்டே மாதத்தில் சித்தி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "கண்ணு, இந்தப் பொட்டிய நீயே எடுத்துட்டுப் போயிரு. இது பாடுனா எனக்குப் பல்லு கூசுது." சித்தப்பாவோ, "அவளுக்கு எதுவுமே பிடிக்காது. எனக்கு நல்லாத்தான் இருக்குது. சண்டை எதுக்கு, பாதி விலைக்குத் தள்ளிடலாம்னு பாக்குறேன்" என்றார். வாங்கிய பில்லின் மஞ்சள் நிறம்கூட மாறவில்லை.

சனிக்கிழமை காலை போய் இறங்கினேன். கூடம் 14க்கு 12 அடி. தரை முழுக்க வழுவழுப்பான டைல்ஸ். சுவர் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தது. ஒரு பக்கம் கண்ணாடி ஷோகேஸ். ஜன்னலில் மெல்லிய நைலான் திரை. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். நம் ஊரில் பாதி வீடுகளின் கூடம் இப்படித்தான் இருக்கும். வெயிலுக்கு நல்லது, பெருக்கித் துடைக்கச் சுலபம். பாட்டுக்கு மட்டும் எதிரி.

முதலில் வயர்

ஸ்பீக்கர் வயரில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனைகள் உண்டு. ஆம்ப்ளிபையரின் சிவப்பு, ஸ்பீக்கரின் சிவப்புக்குப் போக வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் இது மாறிவிட்டால் ஒரு ஊஃபர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். இரண்டின் கீழ் ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல் ஒலிகள் அவ்வளவாக அழியாது. விளைவு? பேஸ் காணாமல் போய், ட்ரெபிள் மட்டும் தனித்து நின்று குத்தும். ட்ரெபிள் அதிகம் என்று தோன்றுகிற பல வீடுகளில் உண்மையில் பேஸ்தான் குறைவாக இருக்கிறது.

சோதிப்பது எளிது. யாராவது தனியாகப் பேசும் ஒரு பதிவை ஓடவிட்டு, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் நேர் நடுவிலிருந்து, காற்றில் ஓர் ஆள் நின்று பேசுவதுபோல் வந்தால் வயர் சரி. குரல் தலையைச் சுற்றி எங்கோ பரவிக் கிடந்தால் ஆம்ப்ளிபையரை அணைத்துவிட்டு ஒரு பெட்டியின் இரண்டு முனைகளை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சித்தப்பா வீட்டில் வயர் சரியாகவே இருந்தது.

அடுத்து விண்டோஸ்

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதில் சவுண்ட் செல்லுங்கள். அவுட்புட் என்பதன் கீழ் உங்கள் ஸ்பீக்கரின் பெயர் இருக்கும். அதன் வலது ஓரத்தில் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்யவும். வரும் பக்கத்தில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒரு பட்டியல் தோன்றும். அதை ஆஃப் செய்து ஒரு பாட்டைக் கேளுங்கள். கம்ப்யூட்டருடன் வரும் ஆடியோ சாப்ட்வேர்கள் சில, சிறிய ஸ்பீக்கரையும் பெரிதாகக் காட்ட மேல் ஒலியைத் தாங்களாகவே தூக்கிவிடுகின்றன. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கருக்கு அது மருந்து. உங்கள் நல்ல ஸ்பீக்கருக்கு அது தேவையில்லாத மசாலா.

அதே சவுண்ட் பக்கத்தின் அடியில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் பழைய பாணியில் ஒரு விண்டோ திறக்கும். பிளேபேக் பகுதியில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் பட்டனை அழுத்துங்கள். இருப்பது இரண்டே பெட்டி என்றால் ஸ்டீரியோ என்பதுதான் தேர்வாகியிருக்க வேண்டும். அங்கே 5.1 என்றிருந்தால் சில ஒலிகள் இல்லாத ஸ்பீக்கர்களுக்குப் போய் வீணாகும். சப்ஊஃபர் பெட்டிக்கு அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு பேஸ் எங்கோ காணாமல் போகும்.

பாட்டு ஓட்டும் பிளேயரையும் பாருங்கள். விஎல்சி போன்ற பிளேயர்களில் வால்யூமை 100 சதவீதத்துக்கு மேலும் ஏற்றலாம். அப்படி ஏற்றும்போது ஒலி அலையின் உச்சி வெட்டப்படுகிறது. வெட்டிய இடத்தில் கூர்மையான விளிம்பு உண்டாகி, பாட்டில் இல்லாத மேல் ஒலிகள் புதிதாக முளைக்கின்றன. இதை கிளிப்பிங் என்பார்கள். அது ட்ரெபிள் போலவே காதில் விழும், ஆனால் எந்த ட்ரெபிள் குமிழுக்கும் அடங்காது. பிளேயரில் 100ஐத் தாண்டாமல், மேற்கொண்டு சத்தம் வேண்டுமானால் ஆம்ப்ளிபையரில் கூட்டுங்கள்.

பாட்டின் தரமும் ஒரு காரணம்தான். 128 கேபிபிஎஸ்ஸிலோ அதற்குக் கீழோ சுருக்கிய எம்பி3 பைல்களில் சிம்பல் ஒலி மணல் தேய்ப்பதுபோல் கேட்கும். நல்ல ஸ்பீக்கர் அந்தக் குறையை மறைக்காது, போட்டுக் காட்டிவிடும். ஒரே பாட்டை ஒரிஜினல் சிடியிலிருந்தோ உயர் தரத்திலோ கேட்டுப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரைத் திட்டுங்கள்.

சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் என்ஹான்ஸ்மென்ட் ஆன் ஆகியிருந்தது. அதை நிறுத்தியதும் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் சித்தி சமையலறையிலிருந்து, "இன்னும் கூசுது" என்றார். ஆம்ப்ளிபையரைப் பார்த்தேன். ட்ரெபிள் குமிழ் நடுவில் நிற்காமல் வலது கோடிக்குத் திருகப்பட்டிருந்தது. அதைத் திருகியவர் சித்தப்பா. ஏன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

அறைதான் மூன்றாவது ஸ்பீக்கர்

நீங்கள் கேட்கிற ஒலியில் ஒரு பங்கு நேராக ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. மீதி சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் மோதி மோதி வருகிறது. இதை முதலில் முறையாக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபீன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. எதிரொலி அவ்வளவு நேரம் நின்றது. சரிசெய்யும் வேலை இவரிடம் வந்தது. அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் எதிரொலி குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் அளவால் வகுத்தால் ஒலி அடங்க ஆகும் நேரம் விநாடியில் கிடைக்கும்.

சித்தப்பாவின் கூடத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 14க்கு 12 அடி, உயரம் 10 அடி. கன அளவு சுமார் 47.6 கன மீட்டர். தரை, கூரை, நான்கு சுவர் சேர்த்துப் பரப்பு சுமார் 79.5 சதுர மீட்டர். டைல்ஸும் பூச்சுச் சுவரும் தம்மீது விழும் மேல் ஒலியில் நூற்றில் நான்கு பங்கைத்தான் விழுங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மீதியைத் திருப்பி அடித்துவிடும். ஆக மொத்த உறிஞ்சல் 3.2. வகுத்தால் 2.4 விநாடி வருகிறது. காலிக் கூடத்தில் ஒரு 'ஸ்' என்ற ஒலி அடங்க 2.4 விநாடி. அதற்குள் பாடகர் அடுத்த நான்கு சொற்களைப் பாடிவிடுவார். ஒவ்வொரு சீறலும் அடுத்த சீறலின் முதுகில் ஏறிக்கொள்கிறது.

இப்போது ஐந்து சதுர மீட்டருக்குத் தடித்த திரைச்சீலை தொங்கவிடுங்கள். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான துணி, 2,000 ஹெர்ட்ஸ் ஒலியில் நூற்றில் எழுபது பங்கை விழுங்கும். உறிஞ்சல் 3.2இலிருந்து 6.7 ஆகிறது. நேரம் 1.15 விநாடிக்கு இறங்குகிறது. ஒரு திரைத்துணி, பாதி எதிரொலி போயிற்று! நாற்காலியில் மனிதர்களும் ஒரு மெத்தை வைத்த சோபாவும் இருந்தால் இன்னும் குறையும்.

துணி வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். எடை வேண்டும். ஊதினால் பறக்கிற துணி ஒலியைத் தடுக்காது. அடுத்து, ஜன்னலின் அகலத்தைப்போல் இரு மடங்கு துணி வாங்கி மடிப்பு விழத் தொங்கவிட வேண்டும். இழுத்துப் பிடித்துத் தட்டையாகக் கட்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். தரைக்குக் கனமான கம்பளம் சிறந்தது. அது இல்லையென்றால் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து, ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே விரியுங்கள். மேல் ஒலி தரையில் பட்டுத் தெறிக்கும் இடம் அதுதான்.

திரையும் ஜமுக்காளமும் பேஸைத் தொடாதா என்று கேட்பீர்கள். தொடாது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர். துணியின் மடிப்புக்குள் அது மாட்டிக்கொள்ளும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அதற்குத் திரைத்துணி என்று ஒன்று இருப்பதே தெரியாது. நமக்கு வேண்டியதும் இதுதானே.

சிலர் சுவரில் தெர்மோகோல் ஒட்டுகிறார்கள். அதன் நுண்ணறைகள் மூடியவை. காற்று உள்ளே போக முடியாத பொருள் ஒலியை விழுங்காது. முட்டை அட்டை ஒட்டுவதும் அப்படியே, பார்க்க ஸ்டுடியோ மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இரண்டும் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் கூடத்தில் வேண்டவே வேண்டாம். புத்தகங்கள் தாறுமாறாக அடுக்கிய அலமாரி இவற்றைவிட எவ்வளவோ மேல். ஒலியைப் பல திசைகளில் சிதறடிக்கும்.

பக்கச் சுவரில் எந்த இடத்தில் துணி வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். நீங்கள் வழக்கமான இடத்தில் உட்காருங்கள். வீட்டிலுள்ள ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே வரட்டும். கண்ணாடியில் உங்களுக்கு எந்த இடத்தில் ட்வீட்டர் தெரிகிறதோ, ஒலி மோதித் திரும்பும் இடம் அதுவே. சித்தப்பா வீட்டில் அந்த இடத்தில் கண்ணாடி ஷோகேஸ் நின்றது. ஷோகேஸை எதிர்ச் சுவருக்கு மாற்ற நாங்கள் இருவரும் பட்ட பாடு தனிக் கதை. அதிலிருந்த கொலு பொம்மைகளை இறக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

பெட்டியைத் திருப்பினாலே போதும்

ட்வீட்டரின் ஒலி டார்ச் வெளிச்சம் போன்றது. நேர் எதிரே அதிகம், பக்கவாட்டில் குறைவு. மேலே போகப்போக இது இன்னும் குறுகும். எனவே ஸ்பீக்கர்கள் உங்கள் காதை நேராகக் குறிபார்த்து இருந்தால், இரண்டையும் சற்று வெளியே திருப்பி, சுவருக்கு நேராகப் பார்க்க வையுங்கள். வெறும் 15 டிகிரி திருப்பினாலும் சீறல் அடங்குவது தெரியும். ஒரு பைசா செலவில்லை. பெட்டியைப் பின்சுவருக்கு நான்கு விரல்கடை நெருக்கினால் பேஸ் கொஞ்சம் ஏறி, ட்ரெபிளைச் சமன் செய்யும். மூலைக்குள் தள்ளிவிடாதீர்கள், குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

இனி ஈக்வலைஸர்

இதுவரை சொன்னதையெல்லாம் செய்தபிறகு மிச்சமிருக்கும் குத்தலுக்குத்தான் சாப்ட்வேர். முதலிலேயே இதில் கை வைத்தால் அறையின் தப்புக்குப் பாட்டைத் தண்டித்ததாகிவிடும்.

பழகுவதற்கு விஎல்சி வசதியானது. கன்ட்ரோல் கீயுடன் ஈ எழுத்தை அழுத்தினால் எஃபெக்ட்ஸ் விண்டோ தோன்றும். ஈக்வலைஸர் பகுதியில் எனேபிள் என்பதை டிக் செய்யுங்கள். 60 ஹெர்ட்ஸிலிருந்து 16,000 ஹெர்ட்ஸ் வரை பத்து குமிழ்கள் வரிசையாக இருக்கும். டிக் செய்தவுடன் மொத்த ஒலியளவே மாறக்கூடும். முதலில் ப்ரீஆம்ப் குமிழை நகர்த்தி, டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு கேட்கும்படி செய்துகொள்ளுங்கள். இது முக்கியம். சத்தம் கூடினால் நல்லா இருக்கிற மாதிரித் தோன்றுவது மனிதக் காதின் பலவீனம்.

இப்போது 3,000 குமிழை மட்டும் மூன்று டெசிபல் இறக்குங்கள். இரண்டு பாட்டுக் கேளுங்கள். குரலின் கத்தல் குறைந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 'ஸ' சீறுகிறது என்றால் 6,000 குமிழை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். 12,000க்கு மேல் கை வைக்க அநேகமாகத் தேவையிருக்காது. எதையும் ஏற்றாதீர்கள், இறக்குவது மட்டுமே. மூன்று டெசிபல் என்பது கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ட்வீட்டருக்குப் போகும் மின்சக்தியில் அது சரிபாதி. அளவு தாண்டிவிட்டீர்களா என்பதற்கு என் சோதனை: நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை ஓடவிடுங்கள். நாதஸ்வரம் இயல்பாகவே கூர்மையான வாத்தியம். அது போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலவோ, ஜால்ரா மரக்கட்டை தட்டுவதுபோலவோ கேட்டால் பாதி தூரம் திரும்பி வாருங்கள்.

விஎல்சியில் செய்த மாற்றம் விஎல்சிக்குள் மட்டும்தான். யூடியூப், சினிமா என்று கம்ப்யூட்டரின் எல்லா ஒலிக்கும் வேண்டுமானால் ஈக்வலைஸர் ஏபிஓ என்ற இலவச சாப்ட்வேரை நிறுவுங்கள். நிறுவும்போது எந்த ஸ்பீக்கருக்கு என்று கேட்கும், உங்களுடையதை டிக் செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யவும். முன்பு நாம் ஆஃப் செய்த ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் நினைவிருக்கிறதா? அது ஆஃபில் இருந்தால் இந்த சாப்ட்வேர் வேலை செய்யாது. அதை மீண்டும் டிவைஸ் டிஃபால்ட் நிலைக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டருடன் வந்த ஆடியோ சாப்ட்வேருக்குள் போய் அதன் எஃபெக்ட்களை மட்டும் நிறுத்துங்கள்.

பிறகு கான்ஃபிகரேஷன் எடிட்டரைத் திறந்து, பச்சை நிறப் பிளஸ் பட்டனை அழுத்தி, பாராமெட்ரிக் ஃபில்டர் வகையில் ஹை-ஷெல்ஃப் என்பதைச் சேருங்கள். இது ட்ரெபிள் குமிழ் மாதிரிதான், ஆனால் எங்கிருந்து குறைய வேண்டும் என்பதையும் நீங்கள் சொல்லலாம். 4,000 ஹெர்ட்ஸ், மைனஸ் 2 டெசிபல் என்று தொடங்குங்கள். ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் குத்தினால் பீக்கிங் ஃபில்டர் சேர்த்து 3,200 ஹெர்ட்ஸ், மைனஸ் 2 டெசிபல், க்யூ மதிப்பு 1 என்று கொடுங்கள். இன்ஸ்டன்ட் மோட் டிக் ஆகியிருந்தால் மாற்றுகிறபோதே காதில் தெரியும்.

ட்வீட்டரை மூடலாமா?

டிஷ்யூ பேப்பர் ஒட்டு, பஞ்சு வை என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. யமஹா நிறுவனம் 1978இல் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கரை வீட்டு உபயோகத்துக்காகக் கொண்டுவந்தது. வீடுகளில் அது எடுபடவில்லை. ஆனால் ஒலிப்பதிவு ஸ்டுடியோக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதன் மேல் ஒலி தாங்க முடியாததாக இருந்ததால் பொறியாளர்கள் ட்வீட்டர் முன்னால் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டார்கள். பாப் ஹோடாஸ் என்ற பொறியாளர் 1986இல் இதை அளந்து எழுதினார். காகிதம் மேல் ஒலியைக் குறைக்கிறதுதான், கூடவே ஒரு பகுதியைத் திருப்பி அடித்து, சீப்பின் பற்கள்போல் மேடுபள்ளங்களையும் உண்டாக்குகிறது என்று தெரிந்தது. பின்னர் யமஹாவே ட்ரெபிள் குறைந்த ஸ்டுடியோ மாடலை வெளியிட்டது. எனவே காகிதம் வேண்டாம். ஸ்பீக்கருடன் வந்த துணி வலையைக் கழற்றி வைத்திருந்தால் அதை மாட்டுங்கள், போதும்.

சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி. 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் தொடர் இணைப்பில் 2.2 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே இணையாக 20 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ட்வீட்டர் மட்டும் சுமார் மூன்று டெசிபல் இறங்கும். இரண்டும் 10 வாட் வெள்ளைப் பீங்கான் வகையாக இருக்கட்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு ரெசிஸ்டரும் சேர்வதால் உள்ளேயிருக்கும் கிராஸ்ஓவருக்கு ட்வீட்டர் பழையபடி 8 ஓமாகவே தெரியும். பெட்டியைத் திறந்தால் வாரன்டி போய்விடும். ஆம்ப்ளிபையர் உள்ளேயே இருக்கும், கரன்ட் பிளக் உள்ள ஸ்பீக்கர்களை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. இனிமையான ஒலி தரும் வயர் என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, அதில் காசைப் போடாதீர்கள். அந்தக் காசுக்கு வீடு முழுவதற்கும் திரை தைக்கலாம்.

காதையும் சோதியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் சித்தப்பா வீட்டுக் கூடம் அடங்கிவிட்டது. சித்தி முறம் நிறைய முருங்கைக்கீரையோடு கூடத்திலேயே உட்கார்ந்து ஆய்ந்தார். ஆனால் சித்தப்பா முகத்தில் உற்சாகமில்லை. "எல்லாம் அமுங்கிப் போச்சே. பாட்டுல ஒரு தெளிவே இல்லியே" என்றார். ட்ரெபிள் குமிழை அவர் ஏன் கோடி வரை திருகினார் என்பது அப்போதுதான் எனக்கு உறுத்தியது.

வயது ஏறும்போது காது முதலில் இழப்பது மேல் ஒலிகளைத்தான். இரைச்சலில் பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸுக்குள், பெரும்பாலும் 4,000 அருகே, ஒரு பள்ளம் விழும். நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே 28 வருடம். அவர் தெளிவைத் தேடித் திருகியிருக்கிறார். அதே வீட்டில் நல்ல காது உள்ள சித்திக்கு அது ஊசியாக இறங்கியிருக்கிறது. இருவர் சொன்னதும் உண்மைதான்.

மறுவாரம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் எடுத்தார். நாங்கள் நினைத்தபடிதான் இருந்தது, இடது காதில் சற்று அதிகம். டிவி சத்தத்தைக் கூட்டுவது, தொலைபேசியில் "என்ன, என்ன" என்று கேட்பது எல்லாவற்றையும் வீட்டில் வயதின் கணக்கில் எழுதியிருந்தார்கள். இப்போது காது கேட்கும் கருவி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் ஒருவர் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போனால், அல்லது மற்றவர்கள் சாதாரணமாகக் கேட்கும் ஒலி ஒருவருக்கு மட்டும் தாங்க முடியாமல் வலித்தால், காதில் ரீங்காரம் இருந்தால், ஸ்பீக்கரை விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். காது பழுதானவர்களுக்கும் சில நேரம் உரத்த மேல் ஒலி மட்டும் கூடுதலாக உறைப்பதுண்டு.

கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்கும் நேரங்களுக்காக ஈக்வலைஸர் ஏபிஓவில் இரண்டு பைல்கள் செய்து கொடுத்தேன். சித்திக்கு ஒன்று, ட்ரெபிள் இரண்டு டெசிபல் குறைவு. சித்தப்பாவுக்கு ஒன்று, எந்த மாற்றமும் இல்லாதது. எடிட்டரில் ஒவ்வொன்றையும் சேவ் ஆஸ் கொடுத்துத் தனிப் பெயரில் சேமித்து, முதன்மைப் பைலில் இன்க்ளூட் மூலம் இரண்டையும் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு பவர் பட்டன் இருக்கும். வேண்டியதை ஆன் செய்து, மற்றதை ஆஃப் செய்ய வேண்டியதுதான். சித்தப்பாவின் பைலில் ட்ரெபிளை ஏற்றவில்லை. கேட்காத ஒலியைக் கேட்க வைக்க அதை உரக்கப் போட்டால் மிச்சமிருக்கும் காதும் தேயும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல்தான் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும், 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. செல்போனில் டெசிபல் காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன. துல்லியம் முன்பின் இருந்தாலும், நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பார்த்தால் தோராயமாக எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.